பக்கத்துக் காலடி

பரமானந்தம் ஒருவன்தான் நடந்துகொண்டிருந்தான். ரோட்டில் கேட்டதோ இரண்டு பேர் நடக்கிற சத்தம்.

மலைரோட்டில் நாயுடுபுரம் வளைவைத் தாண்டியதும்தான் அதைக் கவனித்தான். மழையில் மரம் சாய்ந்து பஸ்ஸும் இல்லை, வாடகை ஜீப்பும் இல்லை. பொழுது சாயும் முன்பே மூடுபனி இறங்கி, யூகலிப்டஸ் வாடையும் ஈர விறகின் புகையும் மூக்கை அடைக்க, நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. தோளில் ஆறு வயது அமலி. கம்பளியையும் மீறி அவள் காய்ச்சல் அவன் கழுத்தைச் சுட்டது. “வெரசா போங்க, பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிது” என்று, கைக்குழந்தையோடு வாசலில் நின்ற மனைவி அடைக்கலமேரி சொன்னது காதிலேயே இருந்தது. ஆஸ்பத்திரி இன்னும் வெகுதூரம்.

அவன் நின்றான். பக்கத்துக் காலடியும் நின்றது.

“அப்பா, அந்த அக்கா கை சில்லுன்னு இருக்கு.”

“எந்த அக்கா?”

“பக்கத்துல வர்றாங்களே. என் நெத்தியில கை வச்சிருக்காங்க.”

பக்கத்தில் பனிதான் இருந்தது. ஆனால் பிள்ளையின் சூடு லேசாக இறங்கியிருந்தது.

இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்த வருமுன், ஜெனீவா ஆய்வுக்கூடத்தில் அவன் பார்த்த வேலையே இதுதான். குழாய்க்குள் சூடேறித் தறிகெட்டு ஆடியபடி ஓடும் அயனிகளோடு, குளிர்ந்த எலக்ட்ரான்களையும் அதே வேகத்தில் ஓடவிட வேண்டும். வேகம் இம்மி பிசகாமல் ஒத்துப்போனால் அயனியின் சூட்டை எலக்ட்ரான் வாங்கிக்கொள்ளும். படித்த திமிர் என்று சொல்லுங்கள், பெற்ற மனசு என்று சொல்லுங்கள். ஓடவேண்டியவன் நடையை நிதானமாக்கி, அந்தக் காலடியோடு சேர்த்து வைத்தான்.

சூடு இறங்கியது. பேயையே வேலை வாங்குகிறோம் என்று அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

கொஞ்ச தூரத்தில் அந்தக் காலடி பின்தங்கிப் பனிக்குள் போயிற்று. உடனே இன்னொன்று வந்து சேர்ந்துகொண்டது.

“அந்த அக்கா போயிட்டாங்க. இது வேற அக்கா.” பிறகு, “இப்ப ஒரு அண்ணன்.”

ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான். சூட்டை வாங்கியவை வெளியே போக, புதிதாகக் குளிர்ந்தவை வந்துகொண்டே இருக்கும். போதும் என்று அயனியால் சொல்ல முடியாது. சுவிட்சை அணைக்க வெளியே ஓர் ஆள் இருப்பான்.

“போதும்ப்பா. குளிருது.”

ஓடினான். அவையும் ஓடின. தாறுமாறாகக் கால் வைத்தான். அவையும் வைத்தன. அவன் நடையை அதற்குள் படித்துவிட்டிருந்தன. கற்றுக்கொடுத்தவன் அவன்தான்.

“அமலி.”

கழுத்தில் மூச்சு படவில்லை. அவன் அழுதுகொண்டே ஓடினான்.

ஆஸ்பத்திரி விளக்கு தெரிந்தது. காலடிகள் நின்றன. எல்லாமே.

அமலி தோளிலிருந்து வழுக்கி இறங்கினாள். கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. அவன் கையைப் பிடித்தாள். பனிக்கட்டி.

“உங்களுக்குத்தான் இப்பக் கொதிக்கிது. வாங்கப்பா, நடப்போம்.”

உதறியிருக்கலாம். பெற்ற பிள்ளையின் கை. அவனால் முடியவில்லை.

ஆஸ்பத்திரி வாசல் கடந்து போயிற்று. அவளுடைய சின்னக் கால், அவன் கால் விழும் இடத்துக்கு எட்டி எட்டி விழுந்தது. ரோட்டில் இப்போது இரண்டு பேர் நடந்தார்கள். கேட்டது ஒரே காலடிச் சத்தம்.