கைப்பிடியில் ஒரு தாளம்

ஸ்பீக்கர்களை இறக்கிவைத்துவிட்டு வேன் போன பிறகு, கணவனும் மனைவியும் அந்த வீட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்கள். பழைய மாடி வீடு. தெருவின் கடைசியில், மற்ற வீடுகளோடு சேராமல் தள்ளி நின்றது. முற்பகல் வெயில் முகப்பு முழுவதும் அடித்தும் உள்ளே கூடம் இருட்டாகவே கிடந்தது. ஈர மரத்தின் வாசனை. அதற்கடியில், கயிறு உரசிக் கருகியது போல லேசாக இன்னொரு வாசனை.

அவனை நண்பர்கள் டொக்கு என்பார்கள். மேசை, கதவு, தகர டப்பா, எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டி, அதற்குள் என்ன சுருதி இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பவன். விளம்பரம், குறும்படம், அடுத்தவர் பெயரில் வெளிவந்த பாட்டு என்று தனியாளாகவே காலத்தை ஓட்டியவனுக்கு, திரையில் தன் பெயர் வரப்போகிற முதல் பெரிய படம் இது. அவன் மனைவி பாடகி. பாடுவது மட்டுமல்ல, மைக் வைப்பது, கேபிள் சுற்றுவது, முறைத்துக்கொண்டு போகிற வயலின்காரரைத் திருப்பி அழைத்து வருவது எல்லாம் அவள் பொறுப்புதான்.

இயக்குநர் சாவியோடு கூடத்தில் காத்திருந்தார்.

"படம் எடுத்த வீடு தம்பி இது. இங்கயே உக்காந்து மியூசிக் போட்டா இந்த வீட்டோட மூச்சு அதுல வரும். வேற ஸ்டுடியோ எதுக்கு?"

டொக்கு பழக்கதோஷத்தில் மாடிப்படியின் மரக் கைப்பிடியைத் தட்டினான். "நல்ல மரம் சார். கார்வை எப்படி நிக்குது பாருங்க."

இயக்குநரின் சிரிப்பு பாதியில் நின்றது. "அதைத் தட்டாதீங்க. பெயின்ட் காயலை."

பெயின்ட் காய்ந்துதான் இருந்தது. மேல்தளத்துக் கைப்பிடியில் ஓரிடத்தில் மட்டும் புதுப் பூச்சு பளபளத்தது.

அவர் போனதும் மனைவி மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். "மூச்சு வரும்ங்கறாரு. எனக்கு தும்மல்தான் வருது."

கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் கம்ப்யூட்டரையும் கீபோர்டையும் வைத்தார்கள். ஜன்னல்களைத் தடித்த போர்வைகளால் மூடினார்கள். மைக்கைக் கூடத்தில், மாடிப்படியின் அடியில், கைப்பிடியை ஒட்டி நிறுத்தினார்கள். கதவைச் சாத்தினால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஹெட்ஃபோனில்தான் பேச்சு.

படத்தின் உச்சக் காட்சி அந்தப் படியில் நடப்பது. வில்லன் நாயகியின் கழுத்தில் கயிற்றை மாட்டிக் கைப்பிடிக்கு வெளியே தள்ளுவான். அவள் தொங்கிக்கொண்டே துடிப்பாள். நாயகிக்குப் பதிலாகத் தொங்கியவள் ஒரு டூப் பெண். முகம் தெரியாதபடி பின்னாலிருந்து எடுத்திருந்தார்கள். அந்தப் பெண் பிறகு ஏதோ சாலை விபத்தில் இறந்துவிட்டாள் என்று இயக்குநர் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். "அந்த சீனுக்கு சத்தமே வேண்டாம். உன் மியூசிக் மட்டும்" என்றும் சொல்லியிருந்தார்.

எந்த அறைக்கும் அதற்கென்று ஒரு மௌனம் உண்டு. டொக்கு முதலில் அதைத்தான் பதிவு செய்வான். அன்றும் வெறும் கூடத்தில் மைக்கை ஓடவிட்டுவிட்டு, பிறகு போட்டுக் கேட்டான்.

டொக் டொக். டொக்.

வேகமாக இரண்டு. கொஞ்சம் இழுத்து ஒன்று. மரத்தில் கை தட்டுகிற சத்தம்.

"மரம் வெயிலுக்கு விரியுது" என்றான்.

"விரியற மரம் தாளத்துலயா விரியும்?" என்றாள் அவள்.

அவனுக்குக் கேள்வி காதில் விழவில்லை. தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. அந்தத் தட்டை வெட்டி எடுத்து, அதன் கீழே செல்லோவை ஊர விட்டான். காட்சியோடு ஓட்டிப் பார்த்தார்கள். திரையில் பெண்ணின் கை கைப்பிடியை அடிக்கிற இடத்தில் எல்லாம் தட்டு தானாக வந்து உட்கார்ந்தது.

இயக்குநருக்கு அனுப்பினான். உடனே போன் வந்தது.

"அந்தத் தட்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

"வீட்டுலேர்ந்துதான் சார். நீங்கதான் மூச்சு வரும்னு…"

"எடுத்துடு."

"சார், அதுதான் இதுக்கு உயிரே."

"எடுன்னா எடு." போன் வைக்கப்பட்டது.

"அதை எடுத்தா பாட்டு செத்துரும்" என்றாள் மனைவி. "நான் பாடறதையும் சேர்த்துக் கேட்டார்னா மனசு மாறிடும். மைக்கைப் போடு."

மதியம் அவள் மைக் முன் நின்றாள். வார்த்தை இல்லாத ஒரு முனகல்தான் பாட வேண்டும். டொக்கு அறைக் கதவைச் சாத்தினான். பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஹெட்ஃபோனில் அவள் குரல் அடிவயிற்றிலிருந்து எழுந்து, மெல்ல மேலே ஏறி, உச்சியில் சட்டென்று நின்றது.

தட்டு கேட்டது.

டொக் டொக். டொக்.

பாட்டை நிறுத்திவிட்டுத் தாளம் போடுகிறாள் என்று நினைத்தான். கெட்டிக்காரி என்று சிரித்துக்கொண்டே ஒலியைக் கூட்டினான். தட்டு வேகமானது. ஒழுங்கு கலைந்தது. கண்மூடி ரசித்துக்கொண்டிருந்தவனுக்கு ஏதோ உறுத்தியது. பாடகர் சும்மா நின்றாலும் மைக்கில் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

மூச்சு.

அது இல்லை.

கதவைத் திறந்தான்.

அவள் நின்றுகொண்டிருந்தாள், ஆனால் காலுக்கடியில் தரை இல்லை. குதிகால்கள் ஒரு சாண் உயரத்தில் உதறிக்கொண்டிருந்தன. கழுத்தில் எதுவுமே இல்லை. ஆனாலும் கழுத்துத் தோல் சுற்றிலும் உள்ளே அமுங்கியிருந்தது. முகம் கறுத்து, நாக்கு பல்லுக்கிடையில் பிதுங்கி, வலது கை மட்டும் கைப்பிடியை அடித்துக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு தூக்கினான். இரண்டு பேரின் கனம். தூக்கத் தூக்க மேலேயிருந்து ஏதோ இழுத்தது. அவன் கால் மைக் கேபிளில் சிக்க, கேபிள் பிடுங்கிக்கொண்டு வந்தது.

பதிவு நின்றது.

அந்த நொடியே அவள் அவன்மேல் விழுந்தாள்.

மருத்துவமனையில் டாக்டர் கழுத்துத் தடத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "குரல்வளை நசுங்கியிருக்கு. இப்போதைக்குப் பேச விடாதீங்க" என்றவர், வெளியே போய் காவலரிடம் எதையோ தணிந்த குரலில் சொன்னார்.

மனைவி அவனைக் கிட்டே வரச் சொல்லிச் சைகை செய்தாள். காதருகில் காற்றாகத்தான் வந்தது பேச்சு.

"அது தாளம் இல்லடா. நிறுத்தச் சொல்றா."

அதன் பிறகு அவள் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை, 'இவர் இல்லை' என்று அவள் காவலரிடம் சைகையில் சொன்ன பிறகு, அவள் அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டு அவன் மட்டும் அந்த வீட்டுக்கு வந்தான். எடிட்டிங்கில் வெட்டுகிற எதுவும் உண்மையில் போய்விடுவதில்லை. வெட்டிய நுனியைப் பிடித்து இழுத்தால், மறைத்த மிச்சம் பின்னாலேயே வரும். இயக்குநர் கொடுத்திருந்த படக்கோப்பில் உச்சக் காட்சியின் மூல ஒலியைத் திறந்து, இரண்டு நுனியையும் இழுத்துவிட்டான்.

முதலில் ஒரு இளம்பெண்ணின் குரல். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் பயம். "இடுப்பு பெல்ட் லூசா இருக்கு சார். கழுத்துல இறுகிச்சுன்னா?"

இயக்குநர் குரல். "கட்டையைத் தட்டும்மா. ரெண்டு தட்டு, ஒரு தட்டு. உடனே நிறுத்திடறோம்."

பிறகு பெல்ட் கொக்கி முறிகிற சத்தம். தொங்கிய கயிற்றின் கிறீச்.

டொக் டொக். டொக்.

இன்னொரு ஆண் குரல். "சார், தட்டுறா. கேமராவை நிறுத்தட்டுமா?"

"இது திரும்பக் கிடைக்காது. யாரும் கிட்ட போகாதீங்க. ஓடட்டும்."

"ஓடுது சார்."

தட்டு மெலிந்துகொண்டே போனது. கடைசித் தட்டில் நகம் மட்டும் மரத்தைக் கீறியது.

டொக்கு மேசைமேல் வாந்தி எடுத்தான். இதன் மேல்தான் செல்லோவை ஊர விட்டிருந்தான். இதைத்தான் உயிர் என்று சொல்லியிருந்தான்.

முதுகுக்குப் பின்னால் தரை முனகியது.

"அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிக் கொடு தம்பி" என்றார் இயக்குநர். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"கொன்னுட்டீங்களே சார்."

"செத்துப்போச்சு. நான் கொல்லலை."

டொக்கு போனை எடுத்தான். மைக் ஸ்டாண்டின் இரும்பு அடிப்பாகம் அவன் நெற்றியில் இறங்கியது. விழுந்தவனின் விலாவில் இன்னொன்று. எழ ஊன்றிய வலது கையை இயக்குநர் ஷூவால் மிதித்தார்.

"இந்த விரல்தானே தட்டிக்கிட்டே இருக்கு."

ஸ்டாண்டை ஓங்கி இறக்கினார். விரல்கள் சுள்ளி போல முறிந்தன. மறுபடியும் இறக்கினார். பிறகு, மூச்சு வாங்க, அந்த முறிந்த கையைத் தாண்டிக் கம்ப்யூட்டரிடம் போனார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

யாரும் அதைத் தொடவில்லை.

கூடத்துத் தரையில் கிடந்த மைக் கேபிள் நகர்ந்தது. அவசரமில்லாமல் ஊர்ந்து அறைக்குள் வந்து, இயக்குநரின் தோளில் ஏறி, கழுத்தை ஒரு சுற்று சுற்றியது. அவர் அதைத் தட்டிவிடக் கையைத் தூக்கினார். கேபிள் விறைத்தது. மல்லாக்க விழுந்தவர் கூடத்துக்குள் இழுத்துச் செல்லப்பட்டார். படி ஏறும்போது தலையின் பின்பக்கம் ஒவ்வொரு படியிலும் மோதியது. படிதோறும் ரத்தம் அப்பிக்கொண்டு வந்தது. மேல்தளத்துக் கைப்பிடிக்கு வெளியே அவர் உடல் வீசப்பட்டது.

படியின் கைப்பிடியை ஒட்டிக் கூடத்தில் தொங்கினார்.

அவர் கை கைப்பிடியைத் தேடிப் பிடித்துத் தட்டியது.

டொக் டொக். டொக்.

டொக்கு ஊர்ந்து மேசைக்கு வந்திருந்தான். நேற்று கேபிள் பிடுங்கியதும் மனைவி விழுந்தது அவனுக்கு நினைவிருந்தது. பதிவை நிறுத்தினால் போதும். முறியாத இடது கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் பட்டன் இருந்தது. திறந்த கதவு வழியே இயக்குநரின் கண்கள் அந்தக் கையையே பார்த்தன. அவை வெளியே தள்ளியிருந்தன. கால்வழியே சிறுநீர் ஒழுகியது.

அவன் பட்டன்மேல் விரலை வைத்தான்.

மனைவியின் கறுத்த முகம் நினைவுக்கு வந்தது.

விரலை எடுத்தான்.

"ஓடட்டும்" என்றான்.

தட்டு அடங்க வெகுநேரம் பிடித்தது.

மூல ஒலியைக் கேட்ட காவல்துறை, படியில் இருந்த ரத்தத்தை அடிதடியில் சிந்தியது என்று ஒதுக்கிவிட்டு, குற்ற உணர்ச்சியில் இயக்குநர் தூக்கு மாட்டிக்கொண்டார் என்று முடித்தது. டொக்குவின் கையை அவர்தான் நொறுக்கினார் என்பதற்கு ரத்தக்கறை படிந்த ஸ்டாண்ட் சாட்சி. அன்று கேமராவில் யார் இருந்தது என்று படக்குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. படம் பெட்டிக்குள் முடங்கியது. டூப் பெண்ணின் அம்மா ஒருமுறை அவர்கள் வீட்டுக்கு வந்தார். மகளின் கடைசிக் குரலைக் கேட்கக் கொடுத்தபோது வேண்டாம் என்றுவிட்டார். டொக்குவின் மனைவியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது அவள் தலையைத் தடவி, "வேளைக்குச் சாப்பிடுடி. வரேன்" என்றார். பெற்ற மகளிடம் சொல்வது போல இருந்தது.

மனைவியின் தொண்டை ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் அவள் பேசவில்லை. கூட வருவாள், கேபிள் சுற்றுவாள், மைக் வைப்பாள். கண்ணாடி முன் அதிகநேரம் நிற்பாள்.

வலது கை விரல்கள் மடங்காமல் போனாலும் இடது கையால் வாசிக்கப் பழகிக்கொண்டான். குழந்தைகள் படம் ஒன்று வந்தது. நகரத்தில் வெளிச்சமான, புதிய ஸ்டுடியோ. வயலின்காரர்கள் இடைவேளைக்குப் போயிருந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். நடுத்தர வயது, நல்ல முகம்.

"வணக்கம். இந்தப் படத்துக்கு நான்தான் கேமராமேன். உங்க மியூசிக் கேக்கலாம்னு வந்தேன். ஓடுதா சார்?"

சத்தத்தோடேயே வாழ்கிறவனுக்கு ஒருமுறை கேட்ட குரல் போதும். டொக்குவின் கை கீபோர்டின் மேலேயே உறைந்தது.

மூலையில் கேபிள் சுற்றிக்கொண்டிருந்த மனைவி எழுந்தாள். ஆள் நுழைந்த கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் திருகினாள். பிறகு, இத்தனை நாளில் முதல்முறையாக, பேசினாள்.

"உக்காருங்கண்ணா" என்றாள், கொஞ்சம் கரகரப்பான, இளம் குரலில்.

அது அவள் குரல் இல்லை.