ஹைரான் கல்லின் கடைசிச் சொல்

கல்தச்சன் மொகிமு தன் கொட்டகையில் குப்புற விழுந்து கிடந்தான். பின்மண்டையில் ஒரே அடி. ரத்தம் கல்தூசியோடு சேர்ந்து களிம்பாகக் காய்ந்திருந்தது. கையெட்டும் தூரத்தில் அவன் உளியைத் தட்டும் மரச்சுத்தி, கொட்டாப்புளி. விடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

சாலைக் காவல் அதிகாரி முகாத்ரா பிணத்தை மூன்று முறை சுற்றி வந்தான். ஓரிடத்தில் நிற்க முடியாத மனிதன் அவன். திரேஸ் மலையில் பிறந்து ரோமப் படையில் சேர்ந்தவன். டாசியா எல்லையில் இந்தத் தெர்மிடா கோட்டைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. போன வசந்தத்தில் அவன் பிடித்துக் கொடுத்த ஓர் ஆட்டிடையன் தங்கச் சுரங்கத்தில் செத்துப்போனான். அதற்குப் பிறகுதான் உண்மைத் திருடன் அகப்பட்டான். அன்றிலிருந்து எதையும் இரண்டாவது தடவை பார்க்காமல் அவனால் நகர முடிவதில்லை.

இப்போது அவன் இரண்டாவது தடவை பார்த்தது பிணத்தை அல்ல, எதிரே சாய்த்து வைத்திருந்த கல்லறைக் கல்லை.

மேலே நான்கு வரி இலத்தீன். 'ஹைரான், போன்னேயின் மகன், பல்மைரா வில்லாளி, இருபத்தைந்து ஆண்டு சேவை செய்தவன். வாரிசான தம்பி தைமு நிறுத்திய கல்.' கீழே சிரியப் பாலைவனத்துப் பல்மைராக்காரர்களின் எழுத்தில் ஒரே ஒரு வரி. அந்த வரியின் வலது ஓரத்தை யாரோ உளியால் கொத்திச் சிதைத்திருந்தார்கள். உள்ளங்கை அகலத்துக்கு வெறும் பள்ளம். தரையில் கிடந்த சில்லுகளைப் பொறுக்கிப் பார்த்தான். அவற்றில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. வரியின் இடது பாதியில் எழுத்துகள் சாயமில்லாமல் வெறுங்கல்லாக இருந்தன.

பிணத்தை முதலில் பார்த்தவள் ஜியா. இந்த மண்ணின் டாசியப் பெண். மொகிமுவிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள். அவன் வெட்டும் எழுத்துகளுக்குச் சாயம் பூசுவது அவள் வேலை. வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து எப்போ இங்கேருந்து போனே?"

"பொழுது சாயறப்போ ஐயா. ஆத்துக்கு அந்தப் பக்கம் என் அக்கா வீட்டுக்கு. கடைசி வரிக்கு பாதி வரைக்கும் சாயம் பூசினேன், வெளிச்சம் போயிடுச்சு. மீதியைக் காலையில பாத்துக்கலாம்னு கிளம்பிட்டேன்."

"அப்போ அவன் தனியாவா இருந்தான்?"

"தனியாத்தான் இருந்தாரு. பாதி வழி போனப்புறம் முக்காட்டை விட்டுட்டேன்னு திரும்பி வந்தேன். உள்ளே யார் கூடவோ சண்டை. அவர் குரல்தான் கேட்டுது. 'கடைசி வரியோட கடைசியில பாரு, நீ யாருன்னு அங்கே வெட்டி வச்சிருக்கேன்'னாரு. படை எழுத்தன் பரிகாய் கூட வழக்கமா போடுற சண்டைன்னு நினைச்சு அப்படியே போயிட்டேன்." அவள் உதட்டைக் கடித்தாள். "உள்ளே போயிருந்தா இருந்திருப்பாரு."

கோட்டைத் தலைவர் அட்டியானஸ் கொட்டகைக்குள் வந்தபோது வெளியே கூட்டம் சேர்ந்திருந்தது. வடக்குக் காற்றில் அவருடைய மேலங்கி படபடத்தது.

"யாரு?" என்றார் அவர்.

"இன்னும் தெரியல."

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு? கொட்டகை இவளுக்குத்தான் போகுது. மொகிமு உயில் எழுதி ஒரு மாசம் ஆகல. உச்சிவேளைக்கு ஆளுநரோட நீதிபதி வர்றாரு. நாளைக்குக் கிளம்பிட்டா அடுத்த வசந்தம்தான். வேற ஆள் இருந்தா அதுக்குள்ளே கொண்டு வா. இல்லேன்னா இவளை ஒப்படைச்சிடுவேன்."

நீதிபதியிடம் ஒப்படைத்தால் தங்கச் சுரங்கம்தான். சுரங்கத்துக்குப் போன பெண்கள் எத்தனை மாதம் தாங்குவார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தைமு உள்ளே வந்தார். செத்துப்போன ஹைரானின் தம்பி. பல்மைராவின் சுங்கச் சாவடியில் வாழ்நாள் முழுக்க எழுத்தராக இருந்தவர். அண்ணன் சாவதற்குச் சில மாதம் முன்பு வந்து சேர்ந்தவர். சிறு வயதில் பிரிந்த தம்பியை அண்ணன் கண் மங்கிய காலத்தில்தான் பார்த்தான். கையைப் பிடித்துக்கொண்டு அழுதான் என்று ஊரே சொல்லும். வீடும் திராட்சைத் தோட்டமும் அவருக்குத்தான் போயின. இரண்டு எழுத்திலும் கல் நாட்ட வேண்டும் என்பது ஹைரானுடைய உயிலின் கட்டளை.

தைமு பிணத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். பிறகு கல்லைப் பார்த்தார். கண் கலங்கியது.

"மனுஷனைக் கொன்னது பத்தாதா அதிகாரி? கல்லு என்ன பண்ணுச்சு? வரியோட கடைசி வார்த்தையைப் போய் இப்படிக் கொத்தி வச்சிருக்கானே பாவி."

"நேத்து சாயங்காலம் நீங்க எங்கே இருந்தீங்க?"

"குளியல் மண்டபத்துல. அப்புறம் வீடு. வேலைக்காரனைக் கேளுங்க."

கேட்டான். குளியல் மண்டபத்துக்குப் போனது உண்மை. அங்கிருந்து எப்போது கிளம்பினார் என்பது யாருக்கும் நினைவில்லை. அந்த ஊரில் பாதிப் பேருக்கு அதே நிலைதான்.

விடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வில்லாளிப் படை மலைக் கணவாயில் ரோந்துக்குப் போயிருந்தது. பாசறையில் மிஞ்சியிருந்தவன் படையின் எழுத்தன் பரிகாய் மட்டும்தான். புளித்த ஒயினில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"மொகிமு கூட உனக்கு என்ன சண்டை?"

"எழுத்துச் சண்டை. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னுவான். அவன் வெட்டுற இலத்தீன் மாடு மிதிச்ச மாதிரி இருக்குன்னு நான் சொல்லுவேன். பன்னெண்டு வருஷமா அதே பேச்சு." ரொட்டியைக் கீழே வைத்தான். "இனிமே யாரைத் திட்டறது?"

"கல்லைப் பாத்தியா?"

"வாசல்லேருந்து பாத்தேன். முதல் வார்த்தையே போயிடுச்சு. ஹைரானோட பேரு. மிச்சம் இருக்கிறது 'போன்னேயின் மகன், வில்லாளி, ஐயோ.' அவ்வளவுதான். எங்க ஊர்ல செத்தவங்களுக்கு அப்படித்தான் முடிப்போம், ஐயோன்னு."

"நீ யாருன்னு வெட்டி வச்சிருக்கேன்னு யாரையோ மிரட்டினானாமே. அந்த வரியில வேற யார் பேரும் இல்லையா?"

"இல்ல. மிரட்டல் விடறதுல அவன் ராஜா. பாதி பொய்யா இருக்கும்."

முகாத்ரா கோட்டைக்கு ஓடினான். அட்டியானஸ் கேட்டுவிட்டு மேசையைத் தட்டினார்.

"ஹைரான் பேரையா கொத்தியிருக்கு? முடிஞ்சுது போ. அந்த ஜியாவோட ஊரைக் கொளுத்தினது யாரு? ஹைரானோட வில்லாளிங்க. அந்தப் பேரைப் பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சிருக்கும். சாயம் பூசச் சொன்னதும் பொங்கிட்டா."

"அப்படின்னா மேலே இலத்தீன்ல அதே பேரு முழுசா இருக்கே. அதை ஏன் விட்டா?"

"அவசரம்."

"கண்ணெதிர்லயே, நாலு விரல் மேலேதான் இருக்கு."

"முகாத்ரா, சூரியனைப் பாத்தியா? நிழல் குறுகிட்டு வருது."

அவன் திரும்பவும் கொட்டகைக்கு நடந்தான். பாதி வழியில் குளியல் மண்டபத்துக்குத் திரும்பினான். அங்கே போகாமலே மறுபடி கொட்டகைப் பக்கம் வந்தான். நல்லதாக முடியும் என்று நினைத்துத்தான் அந்தப் பேரை அவன் தலைவரிடம் சொன்னான். அதுவே ஜியாவின் கழுத்தில் கயிறாக விழுந்துவிட்டது.

விடிந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய் கதவோரம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். பிணத்தை எடுத்துப் போயிருந்தார்கள். ஜியா ஒரு சின்னக் கல்லின் முன்னால் குந்தியிருந்தாள், கையில் தூரிகை.

"என்ன பண்றே?"

"வில்லாளி ஒருத்தனோட செத்துப்போன கைக்குழந்தைக்கு ஐயா. ஆத்தாக்காரி இன்னிக்கு வாங்க வருவா. நான் போயிட்டா இதை யாரு முடிக்கறது?"

அவள் தூரிகையைச் சாயத்தில் தோய்த்து அடுத்த வரியில் வைத்தாள். முகாத்ரா அவள் கையையே பார்த்தான்.

"நில்லு. ஏன் அங்கே வைக்கறே?"

"எங்கே ஐயா?"

"வலது ஓரத்துல."

"இவங்க எழுத்து அங்கேதானே ஆரம்பிக்குது? எனக்கு என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. ஆனா வலப்பக்கம் ஆரம்பிச்சு இடப்பக்கம் போகணும்னு முதல் நாளே சொல்லிக் கொடுத்தாரு. மாத்திப் பண்ணினா முதுகுல விழும்."

முகாத்ரா வெகுநேரம் ஆடாமல் நின்றான். காவல் சிப்பாய் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டான். பிறகு பெரிய கல்லின் அருகே போய்த் தரையிலிருந்த சிவப்புச் சில்லு ஒன்றை எடுத்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டான்.

உச்சிவேளைக்கு ஒரு மணி நேரம் முன்பு கல்லை நான்கு பேர் தூக்கிவந்து கோட்டை மண்டபத்தில் வைத்தார்கள். அட்டியானஸ் நாற்காலியில் இருந்தார். ஒரு பக்கம் கை கட்டப்பட்ட ஜியா, இன்னொரு பக்கம் பரிகாய். தைமுவுக்கு மரியாதையாக ஒரு முக்காலி போட்டிருந்தார்கள்.

"ஐயா, உங்ககிட்ட ஒரு உதவி," என்றான் முகாத்ரா தைமுவிடம். "மொகிமு போயிட்டான். இந்தப் பொண்ணு கதியும் தெரியல. சிதைஞ்ச வார்த்தையை யாராவது எழுதிக் கொடுத்தா வேற தச்சன் வெட்டிடுவான். பரிகாயோட கையெழுத்து லட்சணம் ஊருக்கே தெரியும். நீங்க எழுத்தர். இந்தப் பள்ளத்துல போன வார்த்தையைச் சாயத்தால எழுதிக் காட்டுங்க."

"கை நடுங்குது அதிகாரி. அண்ணன் நினைப்பு."

"ஒரே ஒரு வார்த்தை."

தைமு தூரிகையை வாங்கினார். கல்லின் முன்னால் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். மிச்சமிருந்த எழுத்துகள் மேல் அவர் கண் ஓடி இடது ஓரத்தில் நின்றது. பிறகு பள்ளத்தின் இடது விளிம்பில் தூரிகையை வைத்து, வலது பக்கமாக நகர்ந்து, மூன்று எழுத்துகள் போட்டார்.

பரிகாய் கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

"இது ஹைரான் இல்லையே. இடது ஓரத்து 'ஐயோ'வைப் பாத்து, பின்னாலேருந்து எழுதியிருக்கீங்க."

"அவசரத்துல..." என்றார் தைமு.

"சுங்கச் சாவடியில வாழ்நாள் முழுக்க எழுதினவருக்கு அவசரத்துல எழுத்து திரும்பிக்காது," என்றான் முகாத்ரா. தலைவர் பக்கம் திரும்பினான். "காலையிலேருந்து ஒரே தப்புப் பண்ணிட்டிருந்தோம். ஹைரான் மேல வெறுப்பு இருக்கிற ஆளைத் தேடினோம். கொன்னவனுக்கு அது ஹைரான் பேருன்னே தெரியாது. 'கடைசி வரியோட கடைசியில பாரு'ன்னு மொகிமு சொன்னான். கேட்டவன் தன் குட்டு அங்கே இருக்குன்னு நம்பினான், அடிச்சுப் போட்டுட்டு அந்தக் கடைசியைக் கொத்தினான். அவனுக்குக் கடைசின்னா வலது ஓரம். நமக்கும் அப்படித்தான். பல்மைராக்காரனுக்கு அது ஆரம்பம். உண்மையான கடைசியில இருக்கிறது வெறும் 'ஐயோ', மொகிமு சும்மா மிரட்டிப் பாத்திருக்கான்."

பையிலிருந்து சில்லை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"பாதி வரிக்குச் சாயம் பூசினேன்னு ஜியா சொன்னா. சாயம் இருந்தது வலது பாதியில. அவ ஆரம்பிச்சது அங்கேருந்துதான். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனா எது முதல், எது கடைசின்னு தெரியும். பரிகாய்க்குச் சொல்லவே வேண்டாம். கல்லைப் பாத்ததும் 'முதல் வார்த்தை போயிடுச்சு'ன்னான். அதே பள்ளத்தைப் பாத்து 'கடைசி வார்த்தையைக் கொத்திட்டான்'னு சொன்னவர் ஒருத்தர்தான். அந்த வரியைப் படிக்கத் தெரியாதவர் ஹைரானோட தம்பியா இருக்க முடியாது. மொகிமுவும் அதைத்தான் கண்டுபிடிச்சான்."

தைமு என்ற பேரில் இருந்தவன் தூரிகையை மெதுவாகக் கல்லின் மேல்விளிம்பில் வைத்தான். விரலில் ஒட்டிய சாயத்தை ஆடையில் துடைத்தான்.

"படிச்சுச் சொல்லுன்னான். கண்ணு தெரியலேன்னேன். சிரிச்சான்," என்றான். "அந்தச் சிரிப்பை நிறுத்தணும்னுதான் நினைச்சேன்."

"உண்மையான தைமு எங்கே?"

"தோமிஸ் துறைமுகத்துல செத்துட்டார். காய்ச்சல். நான் அங்கே சத்திரத்து வேலையாள். பதினோரு நாள் பாத்துக்கிட்டேன். பேச ஆளில்லாம எல்லாத்தையும் என்கிட்டயே சொன்னார், ஊரு, அம்மா, அண்ணனோட சின்ன வயசுக் குறும்பு. என் ஆத்தா சிரியாவிலேருந்து அடிமையா விக்கப்பட்டு வந்தவ. அந்தப் பேச்சு எனக்கு வரும். எழுத்து வராது. கிரேக்கம்தான் தெரியும்."

"ஹைரானுக்குத் தெரியுமா?"

"தெரியாது." அவன் முக்காலியில் போய் உட்கார்ந்தான். "அவர் சாகற வரைக்கும் நான்தான் கஞ்சி ஊட்டினேன். கேட்டுப் பாருங்க."

அது உண்மை. ஊரில் எல்லோரும் பார்த்தது. பரிகாய் தலையைக் குனிந்துகொண்டான்.

அட்டியானஸ் கையசைத்தார். ஜியாவின் கட்டை அவிழ்த்தார்கள். அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு முகாத்ராவைப் பார்த்தாள். பிறகு வாசலைத் தாண்டிக் காற்றுக்குள் போய்விட்டாள். வெளியே நீதிபதியின் குதிரைகள் வரும் ஓசை கேட்டது.

கோட்டைக் கணக்கன் மெழுகுப் பலகையை எடுத்தான். குற்றவாளியின் விவரம் எழுத வேண்டும்.

"பேரு?"

"பிலோன்."

"யாரோட மகன்?"

கணக்கன் எழுத்தாணியோடு காத்திருந்தான்.

"அடிமைக்குப் பொறந்தவன்யா. அப்பன் யாருன்னு எழுதற வழக்கம் எங்களுக்கு இல்ல," என்றான் பிலோன். பிறகு கல்லைப் பார்த்துச் சொன்னான்: "ஒன்பது மாசமா இந்த ஊர்ல எல்லாரும் போன்னே மகனேன்னு கூப்பிட்டாங்க. கூப்பிட்டதும் திரும்பிப் பாத்தேன். ஒரு தடவைகூடத் தாமதிச்சதில்ல."

கணக்கன் முகாத்ராவைப் பார்த்தான். பிறகு தகப்பன் பெயருக்கான அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனான்.