நாலு கோலும் வேண்டாம்

1987ஆம் ஆண்டு, செப்டம்பர் மாதம். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. கீழே மரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். கல்வராயன் மலைக்கு ஒரு பேருந்துகூட ஏறவில்லை.

கரியாலூர்ப் பக்கத்துப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் தனசேகரன், ஊருக்குப் போக முடியாமல் மலையிலேயே மாட்டிக்கொண்டார். பாவம், இருந்த ஒரே சட்டையைத் துவைத்துப் போட்டால், அது காயும்வரை அறைக் கதவைத் திறக்க மாட்டார்.

சனிக்கிழமை நைனார்பாளையத்துப் பையன்கள் கால்பந்து ஆட வருவதாக இருந்தது. பேருந்தே இல்லாதபோது எப்படி வருவார்கள்? பள்ளிப் பையன்களான சின்னராசுவின் அணி மைதானத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

ஏழாம் வகுப்புப் பாப்பாத்திக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மைதானத்தைப் பெண்களுக்கும் விடுங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் தோழிகளும் பந்து பழகியதெல்லாம் பள்ளிக்குப் பின்னால், கல்லும் முள்ளுமாகக் கிடந்த மேட்டில்தான்.

"சார், இவங்களோட நாங்க ஆடுறோம்," என்றாள்.

ஆசிரியர் யோசித்தார். பெண்கள் ஜெயித்தால் செவ்வாயும் வெள்ளியும் மைதானம் அவர்களுக்கே என்று வாக்குக் கொடுத்தார். பிறகு பையன்களைத் தனியே அழைத்தார். பெண் பிள்ளைகள் மேல் இடிக்கக் கூடாது, கிட்டேயே போகக் கூடாது என்று காதைத் திருகாத குறையாகச் சொல்லி அனுப்பினார்.

விசில் ஊதியதும் பாப்பாத்தி பந்தோடு ஓடினாள். எதிரே வந்த சின்னராசு, புது மாப்பிள்ளைக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கி நின்றான். இன்னொருவன் கையைக் கட்டிக்கொண்டான். கோல் காக்க வேண்டிய வேடியப்பன், பந்து உள்ளே போவதை வேடிக்கை பார்த்தான்.

கால் மணி நேரத்தில் நாலு கோல். தோழிகள் குதித்தார்கள். பாப்பாத்திக்கு மட்டும் முதல் கோலில் வந்த மகிழ்ச்சி இரண்டாவதில் குறைந்துபோனது. நாலாவதில் அழுகையே வந்துவிட்டது. முள்ளிலும் கல்லிலும் ஓடிப் பழகிய கால்களுக்கு இன்றைக்கு ஒரு வேலையும் இல்லையே!

ஐந்தாம் முறை கோல் கம்பம் வரை போனவள், கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் பந்தை மிதித்து நிறுத்தினாள்.

பின்னாலேயே ஓடிவந்த ரங்கம்மாளுக்குத் தலை சுற்றியது. "இன்னாடி நின்னுக்கினு இருக்க? தட்டு உள்ள. மைதானம் நம்முளுது."

பாப்பாத்தி தட்டவில்லை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போனாள்.

"இந்த நாலு கோலும் வேணாம் சார். இவங்க ஆடவே இல்ல. மொதல்லேருந்து ஆடலாம்."

"தோத்துட்டா மைதானம் கெடைக்காதே?"

"தோத்தா தோத்துட்டுப் போறோம் சார். இல்லன்னா நாங்க போட்ட பிச்சதானேன்னு நாளைக்கு இவங்க சொல்லிக்கினு திரிவாங்க."

சின்னராசு தலையைக் குனிந்துகொண்டான். அதைத்தான் சொல்வதாக இருந்தான்.

ஆசிரியருக்கும் தம் தவறு புரிந்தது. பையன்களிடம் சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆளை இடிக்காதே, பந்தை விடாதே, இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதி என்று சொல்லி மறுபடி விசில் ஊதினார்.

இப்போது நடந்ததுதான் ஆட்டம்! சின்னராசு பாய்ந்து வந்து பந்தைப் பறித்தான். பாப்பாத்தி விழுந்தாள், முழங்கால் சிராய்த்தது. பையன்கள் பதறிக்கொண்டு ஓடிவருவதற்குள் அவள் எழுந்து பந்தைத் திரும்பப் பறித்துவிட்டாள். பையன்களுக்கு வேகம் அதிகம். பெண்களோ கல்லுக்குக் கல் வளைந்து ஓடிப் பழகியவர்கள், கையில் சிக்காத விலாங்கு மீன்கள். பந்தைப் பிடிக்கப் பாய்ந்து பாய்ந்து வேடியப்பன் அன்றைக்கு ஆறு முறை மண்ணைக் கவ்வினான்.

கடைசியில் பையன்கள் மூன்று, பெண்கள் இரண்டு.

பாப்பாத்தி மைதானத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கைக்கு வந்தது போய்விட்டதே! ஆனாலும் இப்படி ஒரு ஆட்டம் ஆடியதை நினைக்க நினைக்க, துக்கத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது.

மேலெல்லாம் புழுதியாக, நொண்டிக்கொண்டே சின்னராசு வந்தான்.

"செவ்வா, வெள்ளி ரெண்டு நாளும் அவங்களுக்கே குடுத்துருங்க சார்," என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆனா எங்களையும் ஆட்டத்துல சேத்துக்கச் சொல்லுங்க."

ஆசிரியர் பாப்பாத்தியைப் பார்த்தார். அவள் முழங்காலை ஊதிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் பாவனை செய்தாள்.

"சேத்துக்குறோம் சார். ஆனா செவ்வாக்கெழம தோத்துட்டு இவங்க அழக் கூடாது."