ஊமைத்தீவின் மூச்சு

"இன்னும் ஒரு ஆமை செத்து ஒதுங்கினா நம்ம கரையில வலை போடத் தடையாம்! பார்த்துட்டு நிப்பமா?" சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜெனோவா வள்ளத்தைத் தள்ளினாள். கணவன் எஸ்தாக்கி கடலில் காணாமல்போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது இந்த வள்ளம்தான்.

உடன் வந்தவர்கள் இருவர். சங்கு குளிக்கும் கஸ்பார், அவள் கொழுந்தன். நீருக்கடியில் புலி, பேய் என்றால் எலி! மற்றவர் கால்நடை டாக்டர் மஹ்மூதா. ஒதுங்கிய பதினோரு ஆமைகளையும் அறுத்துப் பார்த்தவர்.

"பாவாடை நாடாவை இழுத்தா துணி சுருங்குமே, அப்படிக் குடல் சுருங்கிக் கிடக்கு அக்கா. உள்ளே நைலான் நூல். அது குடலை அறுக்குது, அறுந்த இடத்துல கிருமி ரத்தத்துல ஏறிடுது. வலை நூல்னுதான் அதிகாரிங்க சொல்றாங்க."

"வலை பின்னுறவ சொல்றேன், இது முறுக்கே வேற!"

செத்த ஆமைகள் மிதந்து வந்த நீரோட்டத்தைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் ஊமைத்தீவு. ஆளே இல்லாத அந்தத் தீவில் யாரோ மூச்சு விடுவது கேட்கும் என்பார்கள். அதனாலேயே ஒருவரும் அண்டுவதில்லை.

பாறைகளை நெருங்கியதும் மோட்டாரை நிறுத்தினார்கள். காலைப் பனி கண்ணை மறைத்தது. துடுப்புச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

"ஹூஸ்ஸ்..."

கையெட்டும் தூரத்தில் ஒரு பெருமூச்சு! பின்னால் இன்னொன்று. சுற்றிலும் மூச்சு.

"மதினி! அண்ணன் மூச்சு மாதிரியே இருக்கு. திரும்பிடுவோம்!"

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றார் மஹ்மூதா. சொல்லிவிட்டு அவரும் துடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். அது எஸ்தாக்கியாகவே இருந்துவிடக் கூடாதா என்று ஜெனோவா ஆசைப்பட்டாள். பயத்தைவிட அந்த ஆசைதான் அவளை அதிகம் உலுக்கியது.

பனி விலகியது. பாறை வளையத்துக்குள் ஆறு ஆமைகள்! ஒரு பக்கம் சாய்ந்து, பின்புறம் தூக்கி மிதந்தன. முங்கப் பார்த்தன, முடியவில்லை. தலையை உயர்த்தி மூச்சு விட்டன.

"குடல்ல காற்று அடைச்சிருக்கு. பிடி கஸ்பார்!"

கஸ்பார் குதித்தான். பிடித்த ஆமையின் வாயில் நூல் தொங்கியது. அதைப் பற்றினான்.

"இழுக்காதே! குடல் கிழிஞ்சிடும்!" மஹ்மூதா பாய்ந்து, வெளியே தொங்கியதை மட்டும் வெட்டி ஜெனோவாவிடம் நீட்டினார்.

நூல் நெடுக விரல் அகல இடைவெளிக்கு ஒரு முடிச்சு. ஒரு முடிச்சில் அழுகிய செவந்திக் காம்பு. ஜெனோவா மெல்ல நிமிர்ந்து தண்ணீரைப் பார்த்தாள். எங்கும் மாலைகள்! பூ உதிர்ந்து, பாசி பிடித்து, நூல் மட்டும் மிச்சமாக நூற்றுக்கணக்கில் மிதந்தன.

கடல் கொண்டுபோனவர்களுக்குக் கல்லறை இல்லை. அவர்கள் நினைவு நாளில் ஊரார் கடலில் விடும் மாலைகள்தாம் நீரோட்டத்தில் இங்கே வந்து சிக்கியிருந்தன. பாசியோடு நூலையும் ஆமைகள் விழுங்கியிருந்தன. வாழைநார் அலையில் அறுந்துவிடும், நைலானில் கட்டு என்று பூக்காரியிடம் முதலில் கேட்டவளே ஜெனோவாதான். அவளைப் பார்த்து ஊரே மாறியது.

"மதினி, வலை இல்லேன்னு மட்டும் சொல்லுவோம். மாலைக் கதை எதுக்கு?"

"மறைச்சா அடுத்த மாசமும் போடுவாங்க, கஸ்பாரு. ஏத்து எல்லாத்தையும்!"

மாலைகளும் ஆமைகளுமாக மூன்று நடை அடித்தார்கள். கோயில் முற்றத்தில் மாலைகளைக் குவித்து, "இதைத் தொடங்கினது நான்" என்று ஊர் முன்னே அழுதுகொண்டே சொன்னாள். சிலர் ஏசினார்கள், பலர் தங்கள் வீட்டு மாலையைத் தேடினார்கள். முடிச்சைப் பார்த்த அதிகாரிகள் தடைப் பேச்சை விட்டார்கள். மஹ்மூதாவின் கத்தியும் மருந்தும் நான்கு ஆமைகளைக் காப்பாற்றின, இரண்டு போய்விட்டன. நான்கும் கடலில் இறங்கி முங்கி மறைந்தபோது கரையே ஆர்ப்பரித்தது! அன்பாகச் செய்தாலும் தவறு தவறுதான். ஒப்புக்கொண்டால் பாதி சரியாகிவிடும்.

எஸ்தாக்கியின் நினைவு நாளன்று ஜெனோவா முழங்கால் தண்ணீரில் நின்று கையை விரித்தாள்.

"ஏங்க, இந்த வருஷம் உதிரிப்பூதான். கோவிச்சுக்காதீங்க."