வாசலைப் பார்க்காத காலணிகள்

கதவைத் திறந்ததும் ஈரப் பாயின் வாடையும், யாரோ தடவிக்கொண்ட வலித்தைலத்தின் நெடியும் சிஹோவின் முகத்தில் அடித்தன.

"இங்க தனியா இருந்த ஒரு பெரியவர், மழையில நனைஞ்சு வந்த ராத்திரி செத்துப்போனாரு. அடுத்து வர்றவங்ககிட்ட சொல்லியாகணும், சொல்லிட்டேன்," என்றார் வீட்டுக்காரர் குரோசே, உள்ளே காலெடுத்து வைக்காமலே. "அதான் வாடகை கம்மி. ஜாமீன் கையெழுத்தும் கேக்கல."

"கேட்டாலும் போட ஆள் இல்லைங்க."

அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அவள் வளர்ந்த குழந்தைகள் காப்பகத்தில் அவள் படுக்கைக்கு இன்றே வேறொரு சிறுமி வந்திருப்பாள். திரும்பிப் போக இடமில்லை.

காலணிகளைக் கழற்றி, முனை உள்ளே பார்த்தபடி போட்டாள். வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கவில்லையென்றால் காப்பகத்தில் திட்டு விழும். இங்கே திட்ட யார்?

குளித்துவிட்டு வந்தாள். காலணிகள் வாசலைப் பார்த்து நின்றன.

உள்ளே திருப்பினாள். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தாள்.

வாசலைப் பார்த்தன.

தைல நெடி நெருங்கியது. பின்கழுத்தில் குளிர்ந்த மூச்சு.

"போயிடு..."

சிஹோ திரும்பிப் பார்க்கவில்லை. வாய் மட்டும் அடங்கவில்லை.

"நீ போ! ஆறு பேரோட ஒரே ரூம்ல வளந்தவ நான். ஒருத்தி அழுவா, ஒருத்தி பல்லைக் கடிப்பா. நீ மூச்சுதானே விடுற? இது எனக்குன்னு கிடைச்ச முதல் கதவு. வேணும்னா நீயும் இரு."

ஒரு கிண்ணம் சோற்றை மூலைக்குத் தள்ளினாள்.

காலையில் காலணிகள் உள்ளே பார்த்திருந்தன.

இலையுதிர் காலத்தில் குரோசே வந்தார். இந்த முறை காலணியைக் கழற்றிவிட்டு, தைரியமாக உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"நடுவுல ஒருத்தர் குடியிருந்துட்டா போதும், நீ இருந்து காட்டிட்ட. இனி வர்றவங்ககிட்ட சாவைப் பத்தி நான் சொல்ல வேண்டாம். வாடகையும் ஏத்திக்கலாம். மாசக் கடைசில காலி பண்ணிடும்மா."

"முடியாது."

"உனக்காக வந்து கேக்க யாரு இருக்கா?" சிரித்தார்.

வாசலில் மெல்ல ஒரு சத்தம்.

குரோசே திரும்பினார். அவர் காலணிகள் வாசலைப் பார்த்து, நேராக நின்றன. பக்கத்தில் அவளுடையவை உள்ளே பார்த்தபடியே.

"யாரு... நீயா திருப்பின?"

"உங்க எதிர்லதானே உக்காந்திருக்கேன்."

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். எதையோ கேட்டவர்போல வெளிறினார். காலணிகளைக் கையில் அள்ளிக்கொண்டு, காலுறையோடு படியிறங்கி ஓடினார்.

"இந்தப் பக்கம் வராதீங்க!" என்று கத்திவிட்டு, சிஹோ கதவைச் சாத்தினாள்.

குனிந்து பார்த்தாள். அவள் காலணிகளுக்குப் பக்கத்தில், உள்ளே பார்த்தபடி, ஓர் ஆணின் பழைய செருப்பு. நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

வெளியே நல்ல வெயில்.