சீர் மெத்தை

வேணி கண்விழித்துக் கையை ஊன்றியபோது உள்ளங்கை நனைந்தது. பதறி எழுந்து விரிப்பைத் தடவினாள். இடுப்பு இருந்த இடத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம். அவசரமாக நைட்டியின் பின்பக்கத்தைப் பிடித்துப் பார்த்தாள். அது காய்ந்திருந்தது. ஈரத்தின் மேலேயே படுத்துக் கிடந்தவளுடைய துணி மட்டும் நனையாமல் எப்படி இருக்கும் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. ஐயோ, இத்தனை வயசுக்கு மேல் படுக்கையில் போய்விட்டோமே என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஜன்னல் கம்பியில் மார்கழிப் பனி முத்து முத்தாக நின்றது. கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் திருப்பாவை மிதந்து வர, கீழ்வீட்டில் யாரோ சளப்பென்று வாசல் தெளிக்க, ஹாலில் மாமியார் பொன்னுத்தாய் கொட்டாவி விட்டுக்கொண்டே பாயைச் சுருட்ட, அந்தச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் தோள் துள்ளியபடி வேணி விரிப்பை உருவிப் பக்கெட்டில் அமுக்கி, கதவைத் தாழ் போட்டுவிட்டு, துண்டை நாலாக மடித்து மெத்தையை ஒற்றி ஒற்றி எடுத்தாள். கணவன் சித்தார்த்தன் ஒரு மாதக் கம்பெனி டிரெய்னிங் என்று ஓசூருக்குப் போயிருந்தான். அந்த மட்டும் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அது அவளுக்குச் சீராக வந்த மெத்தை. ஆவணியில் கல்யாணம் முடிந்த கையோடு, துறையூரிலிருந்து அப்பா காத்தமுத்து பீரோ, கட்டில், பித்தளைப் பாத்திரங்களோடு மினி லாரியில் ஏற்றி ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பிவைத்தது. அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், இந்த மாடி வீட்டில் அது வந்து இறங்கிய அன்று பொன்னுத்தாய்க்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களை எல்லாம் கூட்டிவந்து காட்டினாள்.

"அசல் எலவம்பஞ்சு. அமுக்கிப் பாருங்க, எப்படி எழும்புதுன்னு. எங்க சம்பந்தி பாத்துப் பாத்துப் பண்ணிருக்காரு."

அந்த மெத்தையிலா இந்தக் கூத்து! நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது வேணிக்கு.

மாமியார் காய்கறிக்காரனிடம் பேரம் பேசக் கீழே இறங்கிய நேரம் பார்த்து அவள் செல்போனில் வீடியோ தேடினாள். ஆப்பசோடாவைத் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் தேய்க்க வேண்டும் என்றாள் ஒருத்தி, சிரித்த முகமாக. அவளுக்கென்ன, அவள் மாமியார் அடுத்த அறையிலா இருக்கிறாள்? பஞ்சு மெத்தையில் தண்ணீரைக் கொட்டக் கூடாது, உள்ளே கட்டி தட்டிப் போகும், மேலாகத்தான் தேய்த்து எடுக்க வேண்டும் என்றும் அவளே சொன்னாள். வேணி மேலாகத் தேய்த்தாள். நுரை பொங்கியது. துடைத்துவிட்டு மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். மத்தியானத்துக்குள் காய்ந்து, வெளிறிய மஞ்சளாக ஒரு வளையம் மட்டும் மிஞ்சியது. அதன் மேல் முகப்பவுடரைக் கொட்டித் தடவி, புது விரிப்பைப் போட்டு மூடினாள்.

அடுத்து வந்த நாட்களில் அவள் பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் குடிக்கவில்லை. படுக்கப் போகும் முன் இரண்டு முறை பாத்ரூம் போனாள். மாதவிலக்குக்கு வைத்திருந்த நாப்கினை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்காகத் தனக்குள்ளேயே கூனிக் குறுகிப் படுத்தாள். விடிந்ததும் நாப்கின் அப்படியே காய்ந்திருக்கும். மெத்தை நனைந்திருக்கும். முதலில் இடுப்பு அகலம் இருந்தது முதுகு வரை ஏறியது. வினிகர் ஊற்றிப் பார்த்தாள். டெட்டால் போட்டாள். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கித் துணியை மேலே வைத்துத் தேய்த்தாள். ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. அதில் சிறுநீர் வாடை மட்டும் இல்லை. சீயக்காய் படாத தலையும், பவுடரும், களிம்பும், வெகுநாள் திரும்பாமல் ஒரே நிலையில் கிடந்த உடம்பும் கலந்த வாடை. வேணியின் உடம்பில் அப்படி ஒரு வாடை வீசியதே இல்லை.

டாக்டரிடம் போகலாம் என்று நினைத்தாள். என்னவென்று சொல்வது? யாரோடு போவது? கூட மாமியார்தான் வருவாள். நோய்க்காரியைக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று ஒரு சொல் வந்துவிட்டால், அப்பா இந்த வீட்டுப் படியேறி முகம் காட்ட முடியாது.

பொன்னுத்தாய் கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில், துணிந்து மெத்தையைச் சுருட்டி இழுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். சுருட்டுக்குள்ளிருந்து சொதக் சொதக்கென்று சத்தம் வந்தது. இலவம்பஞ்சு இவ்வளவு கனக்குமா? கைப்பிடிச் சுவரில் போட்டு மூச்சு வாங்குவதற்குள் எதிர்மாடியிலிருந்து குரல் வந்துவிட்டது. இன்னாசிராஜ் வாத்தியார் வீட்டம்மா, கையில் வடகத் தட்டோடு.

"என்னம்மா, புதுப்பொண்ணு? அதுக்குள்ள மெத்தைய காயப் போட்டாச்சா?"

"மூட்டைப்பூச்சி மாதிரி இருந்துச்சுக்கா."

"புது மெத்தையிலயா!" அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கி மெத்தையின் நடுவைப் பார்த்தாள். உதடு லேசாகக் கோணியது. "சரி சரி, நான் யாருகிட்ட சொல்லப் போறேன்?"

வேணிக்கு முகம் ஜிவ்வென்று எரிந்தது. வெயில் ஏறும் வரை நிற்கத் துணிவில்லை. ஈரத்தோடேயே மெத்தையைக் கீழே இழுத்து வந்தாள். கறை படிந்த பக்கம் தெரிய வேண்டாம், அடிப்பக்கத்தை மேலாகத் திருப்பிப் போட்டுவிடுவோம் என்று கட்டிலில் அதைப் புரட்டினாள்.

அடிப்பக்கத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது.

அங்கே கறை ஒரே திட்டாக இல்லை. மேலே வட்டமாக ஒன்று. அதற்குக் கீழே பக்கத்துக்கொன்றாக இரண்டு. நடுவில் அகலமாக, விளிம்பெல்லாம் பழுப்பேறி, பெரியது ஒன்று. கால்மாட்டில் சின்னதாக இரண்டு. தலை, தோள்கள், இடுப்பு, குதிகால்கள். ஒரு ஆள் மல்லாந்து கிடந்தால் எங்கெங்கே அழுந்துமோ அங்கெல்லாம் மட்டும்.

வேணி மெத்தையைப் பழையபடி புரட்டிப் போட்டாள். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, இந்த மெத்தைய எங்கப்பா வாங்குனீங்க?"

அந்தப் பக்கம் காத்தமுத்து தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா? மாமியா ஏதும் கேட்டாங்களா?"

"நீங்க சொல்லுங்க."

"பாலக்கரையில ஒருத்தன் தைச்சுக் குடுத்தான்ம்மா. உறை புதுசு. தையல் புதுசு." குரல் இறங்கியது. "பஞ்சு மட்டும் பழசு. புதுப் பஞ்சுக்குக் கையில தோது இல்ல. யாரோ ஒரு அம்மா ரொம்ப நாளா படுத்த படுக்கையா கெடந்தாங்களாம். போனதும் மெத்தைய கொள்ளிடக் கரையில போட்டுட்டுப் போயிட்டாங்களாம். எடுத்து வெயில்ல காயவெச்சு அடிச்சா எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னான்."

செத்தவர் கிடந்த படுக்கையை யாரும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. பிணத்தை எடுக்கும்போதே அதையும் கொண்டுபோய்க் கரையில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். அப்படிப் போட்டதைத்தான் அப்பா மகளுக்குச் சீராக அனுப்பியிருக்கிறார்.

"தப்புதாம்மா. பெரிய தப்பு." காத்தமுத்து அழுதார். அப்பா அழுது வேணி கேட்டதில்லை. "உங்க மாமியாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. நான் தூக்குல தொங்கிருவேன். ஏகாதசி கழியட்டும். பஞ்சு அடிக்கணும்னு சொல்லி நானே வந்து எடுத்துட்டுப் போயிடறேன். அதுவரைக்கும் எப்படியாச்சும் சமாளிச்சுக்கடி தங்கம்."

"சரிப்பா. அழாதீங்க."

அவளுக்கு அப்பாவின் மேல் கோபம் வரவில்லை. அவருடைய வெட்கமும் சேர்ந்து அவள் தலையில் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான். அன்றிலிருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தாள். மத்தியான வேளையில், தெரு அடங்கி மின்விசிறியும் நின்றிருக்கும்போது, மெத்தைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்கும். யாரோ அழுகை வெளியே கேட்டுவிடக் கூடாதென்று துணியை வாயில் அழுத்திக்கொள்வது போல.

ஏகாதசிக்கு முந்தின நாள். ஸ்ரீரங்கத்தில் வீடு இருந்தால் சொந்தக்காரர்கள் வராமல் இருப்பார்களா? வையம்பட்டியிலிருந்து நாத்தனார் மகாலட்சுமி, புருஷன், பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். மோகினி அலங்காரம் சேவித்துவிட்டு, அப்படியே வரிசையில் நின்று சொர்க்கவாசல் தாண்டிவிட்டுத்தான் திரும்புவதாகத் திட்டம். வேணியும் கூடப் போவதாக இருந்தது.

"மகா கொஞ்சம் படுத்து எந்திரிக்கட்டும், பஸ்ல வந்த அலுப்பு." ஹாலிலிருந்து பொன்னுத்தாயின் குரல். "வேணி, விரிப்ப மாத்தணும். சீர் மெத்தையில படுத்துப் பாக்கட்டும் உன் நாத்தனா!"

வேணி அறைக்குள் ஓடினாள். காலையில்தான் புது விரிப்புப் போட்டிருந்தாள். கீழே ரெக்ஸின் ஷீட்டும் போட்டிருந்தாள். அத்தனையையும் தாண்டி, வெள்ளை விரிப்பின் மேல் கறை எழுந்து வந்துகொண்டிருந்தது. தலை. தோள்கள். இடுப்பு. அவள் கண் முன்னாலேயே குதிகால்கள்.

மாமியாரின் கால்மெட்டிச் சத்தம் நெருங்கியது.

பயம் ஒரு பக்கம். மானம் ஒரு பக்கம். வேணி கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்தாள். கறையின் மேலேயே. அதை மறைக்க வேறு எதுவும் அகப்படவில்லை.

கதவு திறந்தது.

"என்னம்மா, இப்ப போயி படுத்திருக்க?"

"அத்தை... தூரமாயிட்டேன்."

பொன்னுத்தாய் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கையிலிருந்த விரிப்பை மார்போடு சேர்த்துக்கொண்டாள். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பிள்ளைகளை மகாலட்சுமி, "உள்ள போவாதீங்கடா" என்று இழுத்துக்கொண்டாள்.

"சரியா இன்னிக்குத்தானா! போவட்டும், நீ என்ன பண்ணுவ. அங்கயே படுத்துக்க. இங்க யாரும் வரமாட்டோம். சாமி பாக்கப் போற நேரம், உன்னைத் தொடவும் முடியாது." குரல் கனிந்தது. "மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு? வயித்து வலியா?"

வேணியின் குதிகால்கள் நனைந்துவிட்டிருந்தன. தோள்கள். பின்னந்தலை. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில். அளவெடுத்தது போலப் பொருந்தியிருந்தது. இத்தனை நாள் சில்லென்று இருந்த ஈரம் இப்போது வெதுவெதுப்பாக இருந்தது.

"லேசா வலிக்குது அத்தை."

"தூங்கு. மகா படுக்கவும் எடமில்ல, இப்பவே வெளியில பூட்டிட்டுக் கெளம்பறோம். நாளைக்குக் காலையில வந்துருவோம்."

கதவு சாத்தப்பட்டது. படியில் காலடிகள், பிள்ளைகளின் கூச்சல், செருப்புத் தேடும் கலவரம். வேணி எழ முயன்றாள். தலை எழவில்லை. தோளை அசைத்தாள். முதுகு மெத்தையை விட்டு வரவில்லை. கையை ஊன்றினாள். உள்ளங்கை பஞ்சுக்குள் இறங்கியது. மணிக்கட்டு வரை. பிடித்துக்கொண்டது.

கீழே மாடிப்படி கேட் இன்னும் திறந்தே இருந்தது. பூட்டு சாவி குலுங்கியது. ஒரு குரல் கொடுத்தால் போதும். அத்தை என்று ஒரு வார்த்தை. ஓடி வருவாள், தொட்டுத் தூக்குவாள், தீட்டாவது ஒன்றாவது. தூக்கினால் விரிப்பைப் பார்ப்பாள். கறையைப் பார்ப்பாள். பிறகு அப்பா.

வேணி வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

பூட்டு விழுந்தது. ஆட்டோ உறுமியது. சந்து திரும்பியது. போய்விட்டது.

வீட்டில் சத்தம் இல்லை.

அவள் முதுகுக்குக் கீழே யாரோ மெதுவாக நகர்ந்து படுத்தார்கள். அவளுக்கும் கொஞ்சம் இடம் விட்டு.

ஈரமான ஒரு கை, தோல் சுருங்கிய விரல்கள், பக்கவாட்டிலிருந்து அவள் இடுப்பின் மேல் ஊர்ந்தது. கீழே இறங்கியது. முழங்காலில் ஏறிக் கிடந்த அவள் புடவையைப் பிடித்தது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தோடு, அதைக் கணுக்கால் வரை இழுத்து, அழகாக மூடிவிட்டது.