இருபத்தேழாம் எண்

ஆவணக் காப்பகத்துக்கு அந்தப் பெட்டி வந்தபோது யாரும் பயப்படவில்லை. பயப்பட அதில் ஒன்றும் இல்லை. போர்க்காலத்தில் கடற்படை வைத்திருந்த தீவுத் தளம் ஒன்றின் பதிவேடுகள், கரையான் தின்றது போக மிச்சம். இரண்டு ஆட்கள் தூக்கி வந்து மேசை மேல் வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். காப்பகம் இருந்த ஊரிலிருந்து கடல் இரண்டு நாள் ரயில் பயணம். இருந்தும் மூடியைத் திறந்ததும் ஈரக் கயிற்றின் வாடை குப்பென்று வந்தது.

"நல்லா ஊற வச்சு அனுப்பியிருக்காங்க" என்றான் தம்பி.

"வாயை மூடிக்கிட்டு பென்சிலைச் சீவு" என்றாள் அக்கா.

அக்காவும் தம்பியும் வேலை செய்தது ஒப்புநோக்கும் பிரிவில். பழைய தாள் பொடிந்துபோகும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தட்டச்சுப் படி ஒன்று எடுப்பார்கள். ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர் படியைப் பார்த்து, சரியாக இருந்தால் "ஆச்சு" என்று சொல்லி சிவப்புப் பென்சிலால் குறி போட வேண்டும். பதில் வராமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. அக்கா பத்து வருஷமாக வாசிப்பவள். தம்பி வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. எந்த வேலையிலும் கால் தரிக்காதவன். வீட்டில் இருப்பது அவள், அவன், படுத்த படுக்கையாக அம்மா. இவனும் கைவிட்டுப் போனால் தனக்கென்று யாரும் இல்லை என்பதை அவள் மறைக்காமல் அவனிடமே சொல்லியிருக்கிறாள்.

அவனுக்கு அந்த வேலையைக் கொடுத்தவர் கண்காணிப்பாளர். அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது, ஆனால் பொருத்தமான பெயர். கூடத்தின் கோடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பார். எந்த மேசையிலாவது பதில் தாமதித்தால், அங்கிருந்தே "ஆச்சு! அடுத்தது!" என்று தானே பதில் கொடுத்துவிடுவார். பிறகுதான் திட்டு. ஆனால் ஈரமுள்ள மனுஷன். அக்கா ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தபோது அவள் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடாமல், தானே வந்து வாசித்தவர்.

அன்று மதியம் மற்ற மேசைகள் காலி. எல்லோரையும் கீழ்த்தளத்தில் அலமாரி நகர்த்த அனுப்பியிருந்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. சாப்பிட்ட களைப்பில் தம்பிக்குக் கண் சொருகியது. அக்கா முதல் பதிவேட்டைப் பிரித்தாள்.

அது தளத்துக் கூலியாட்களின் வருகைப் பதிவேடு, கடைசி நாளுடையது. பெயர்கள் இல்லை. மனிதர்களுக்கு எண் மட்டும், பக்கத்தில் ஒரு குறிப்பு.

"ஒன்று. இறக்கப்பட்டார்."

"ஆச்சு."

"இரண்டு. இறக்கப்பட்டார்."

"ஆச்சு."

படகிலிருந்து கரையில் இறக்கியிருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இருபத்தாறு வரை அதே குறிப்புதான்.

"இருபத்தேழு. பதில் இல்லை."

தம்பி கொட்டாவியை நிறுத்தினான். "அடப்பாவமே, இவனும் என்னை மாதிரி தூங்கிட்டான் போல. இவனுக்காக நான் சொல்றேன்." வகுப்பில் வாத்தியார் பெயர் கூப்பிடும்போது சொல்வதுபோலக் கையைத் தூக்கினான். "உள்ளேன் ஐயா."

வெளியே நடைகூடத்தில் யாரோ கனமான இரும்பு எதையோ தரையில் ஊன்றினார்கள்.

"என்னடா அங்கே? பள்ளிக்கூடமா நடத்துறீங்க?" என்று கண்ணாடி அறையிலிருந்து மணிக்கூண்டு கேட்டார்.

"ஒண்ணுமில்ல அய்யா" என்றாள் அக்கா. மேசைக்கு அடியில் தம்பியின் காலை மிதித்தாள். இருபத்தெட்டிலிருந்து நாற்பத்தொன்று வரை ஒரே மூச்சில் முடித்தாள். எல்லோரும் இறக்கப்பட்டவர்கள்.

அடுத்த பக்கம் தளத் தலைவனின் நாட்குறிப்பு. அழகான, நிதானமான கையெழுத்து. அவள் வாசித்தாள்.

"கடைசிப் படகில் கூலியாட்களுக்கு இடமில்லை. பீரங்கிகள் எங்கே, கண்ணிவெடிகளுக்கு நடுவே வழி எது என்று இவர்களுக்குத் தெரியும். உயிரோடு விட்டுப்போக முடியாது."

"ஆச்சு" என்றான் தம்பி. குரல் இறங்கிவிட்டது.

"படகுத்துறையின் முனையில் இருந்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டேன். உள்ளேன் என்று சொன்னவன் நடந்து வந்தான். பிடரியில் கடப்பாரையால் மூன்று அடி. கணுக்காலில் சங்கிலி. பிறகு நீரில் இறக்கப்பட்டான். பாதிக்கு மேல் வந்தபோது பின்னால் நின்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கூப்பிட்டதும் பதில் சொன்னார்கள். பழக்கம்."

தம்பி பதில் சொல்லவில்லை.

"ஆச்சு! அடுத்தது!" என்று கண்ணாடி அறை முழங்கியது.

அக்கா பதிவேட்டை மூடப் பார்த்தாள். கடைசி வரி மட்டும் மிச்சம். பத்து வருஷப் பழக்கம் அவளை விடவில்லை. வாசித்தாள்.

"இருபத்தேழைத் தேடினோம், கிடைக்கவில்லை. அவன் பதில் சொல்லும்வரை இந்தப் பதிவேடு மூடப்படாது."

நடைகூடத்தில் காலடி கேட்டது.

இரண்டு பேர். நனைந்த பூட்ஸ். ஒவ்வோர் அடிக்கும் உள்ளே தேங்கிய தண்ணீர் பிதுங்கும் சத்தம். கூடவே தரையில் இழுபடும் இரும்பு.

"அக்கா, யாரு அது?"

"பேசாதே" என்று கிசுகிசுத்தாள். "எது கூப்பிட்டாலும் வாயைத் திறக்காதே."

கதவு திறக்கவில்லை. ஆனால் காலடி உள்ளே வந்துவிட்டது. சிமெண்டுத் தரையில் ஈரத் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்து, மேசையைச் சுற்றி வந்து, தம்பியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றன.

முதல் அடி பிடரிக்கு வந்தது. அவள் அவனைப் பிடித்து இழுத்ததால் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அவன் நாற்காலியோடு சரிந்தான். வலது கணுக்காலில் தோல் தானாகவே வளையம் வளையமாக நசுங்கிக் கிழிந்து ரத்தம் வடிந்தது. பிறகு அவனை ஏதோ தரையோடு இழுக்கத் தொடங்கியது. அவன் நகங்கள் சிமெண்டில் கீறின. அக்கா அவன் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள். சட்டை கிழிந்தது. கையைப் பிடித்தாள். முறிந்த தோளில் அவன் அலறிய அலறலில் அவள் பிடி தளர்ந்தது.

இரண்டாவது அடி அவன் காதோரம் தரையைப் பெயர்த்தது.

கண்ணாடி அறையின் கதவு படாரென்று திறந்தது. மணிக்கூண்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது தரையில் புரளும் தம்பி மட்டும்தான்.

"என்னம்மா கலாட்டா இது? எழுந்திருடா."

அந்த நொடியில் அக்காவுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. அவர்களுக்கு வேண்டியது தம்பி அல்ல. ஓர் எண், ஒரு பதில், அவ்வளவுதான். கைநழுவி விழுந்த பதிவேடு அவள் காலடியில் திறந்து கிடந்தது. எதிரே நின்றவர் பதில் தாமதிப்பதை ஒருநாளும் பொறுக்காதவர். தான் என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள். அவர் தன் நாற்காலியைக் காப்பாற்றி வைத்ததுகூட அப்போது ஞாபகம் வந்தது.

பதிவேட்டை எடுத்தாள். எப்போதும்போல நிறுத்தி, தெளிவாக வாசித்தாள்.

"இருபத்தேழு."

இழுபடும் சத்தம் நின்றது.

"இவன் 'உள்ளேன்'னு பதில் சொல்ல மாட்டேங்கிறான் அய்யா" என்றாள். "இருபத்தேழு."

"உள்ளேன் ஐயா" என்றார் மணிக்கூண்டு, எரிச்சலோடு. "போதுமா? அடுத்ததைப் படி."

தம்பியின் கால் விடுபட்டுத் தரையில் விழுந்தது.

ஈரத் தடங்கள் திரும்பின.

மணிக்கூண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதல் அடியில் மூக்குக்கண்ணாடி பறந்தது. இரண்டாவது அடியில் முழங்கால் மடங்கியது. மூன்றாவது அடிக்குப் பிறகு அவர் தலை இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. விரல்கள் மட்டும் மேசைக் காலைப் பிடித்திருந்தன, பிறகு அதையும் விட்டன. சங்கிலி கலகலக்க, முகம் தரையில் தேய, அவரை இழுத்துக்கொண்டு காலடிகள் மூல ஆவணங்கள் வைக்கும் இருட்டறைக்குப் போயின. உள்ளே கனமான எதுவோ ஆழமான தண்ணீரில் விழுந்தது. அது அடங்க வெகுநேரம் ஆயிற்று.

போலீஸ் வந்து பார்த்தபோது இருட்டறை காய்ந்துதான் கிடந்தது, நடுவில் அவர் உடல். ஏணியிலிருந்து தவறி விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் மட்டும், நுரையீரல் நிறைய உப்புத் தண்ணீர் எப்படி வந்தது என்று இரண்டு முறை கேட்டார். அக்கா தெரியாது என்றாள்.

பதினாறாம் நாள் வேலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வது? பதிவேடு அவள் மேசையிலேயே இருந்தது. இருபத்தேழுக்கு எதிரே 'பதில் இல்லை' அடிக்கப்பட்டு, மற்ற வரிகளின் அதே பழுப்பு மையில் 'இறக்கப்பட்டார்' என்று இருந்தது. பக்கத்தின் அடியில் 'எண்களைக் கூப்பிட்டவர்' என்று ஓர் இடம். அங்கே கையெழுத்து இருந்தது.

அது அவளுடையது. வால் நீண்ட கடைசிச் சுழி வரைக்கும் அவளுடையது.

வீட்டுக்கு வந்தாள். தம்பி ஜன்னலோரம் கழுத்திலிருந்து தொங்கும் துணிக்கட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் அவன் வாய் திறப்பதில்லை. எழுந்து வந்து எதிரே நிற்பான், அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறானே, அது போதும் என்று அவள் தினமும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். தட்டில் சோறு போட்டாள். பழக்கதோஷத்தில் அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"தம்பி, சாப்பிட வா."

ஜன்னலோரம் நாற்காலி மெதுவாக நகர்ந்தது. அவன் பேசவில்லை.

சாத்தியிருந்த குளியலறைக்குள் தண்ணீர் அலம்பியது. ஈரக் கயிற்றின் வாடை வந்தது.

"உள்ளேன் ஐயா."

மணிக்கூண்டின் குரல்தான். அதில் கோபம் இல்லை, எரிச்சல்கூட இல்லை. கூப்பிட்டால் வரத் தயாராக நிற்பவரின் குரல். அவருக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் வரிசையில் கால் மாற்றி நிற்கும் சங்கிலிச் சத்தம் கேட்டது. எல்லோரும் அவள் அடுத்து யாரைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தார்கள்.

உள்ளறையில் அம்மா விழித்துக்கொண்டு, "யாரும்மா வந்திருக்கிறது?" என்று கேட்டாள்.